எடுத்து வைத்த சோறு

மடம் என்றதும் யானையும் பல்லக்கும் ஞாபகத்துக்கு வந்தால், அவற்றை அப்படியே வெளியே நிறுத்திவிடுங்கள். கஞ்சிச்சாமி மடத்தில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. ஒரு சமையல்கட்டு, அதை ஒட்டி ஒரு கூடம், கூடத்தின் கோடியில் கஞ்சிச்சாமியின் சமாதி. அவ்வளவுதான். தாமிரவருணிக் கரை ரோட்டில் போகிற யார் வந்து உட்கார்ந்தாலும் அங்கே சோறு உண்டு. பெயர் கேட்க மாட்டார்கள். குழம்பு போதுமா என்று மட்டும் கேட்பார்கள்.

மடத்தை நடத்திவந்தவர் உமையாள். நாற்பது வயதுப் பெண். கஞ்சிச்சாமியின் கரண்டி கைமாறிக் கைமாறி அவரிடம் வந்திருந்தது. அவருடைய சீடர் நல்லபெருமாள் அறுபதைத் தாண்டியவர். தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருந்து, கடையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஞானம் தேடி வந்தவர். சீடப்பிள்ளைக்குப் பேரன் இருக்கிறான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஞானம் தேடி வந்தவருக்கு அம்மா முதலில் கொடுத்தது தேங்காய் துருவுகிற வேலை. அண்ணாச்சி துருவிக்கொண்டே கேள்வி கேட்பார்.

“அம்மா, ஆத்மாவும் பரமாத்மாவும் ஒண்ணா, ரெண்டா?”

“துருவல்ல சிரட்டை விழுது அண்ணாச்சி. பாத்துத் துருவுங்க.”

அண்ணாச்சி பார்த்துத் துருவினார். ஆனால் விடவில்லை. எல்லாம் ஒன்றுதான் என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். வந்த முடிவை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சாப்பிட வந்த லாரி டிரைவர்கள் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்கள்.

மடத்துக்கு அடுத்த வீடு செய்யது மசூதுடையது. வீட்டின் முன்பக்கம் பாத்திர வாடகைக் கடை. அந்த வட்டாரத்தில் கல்யாணம், கருமாதி, மாதா கோயில் அசன விருந்து, பள்ளிவாசல் கஞ்சி எதுவானாலும் அண்டாவும் வாளியும் மசூது கடையிலிருந்துதான் போகும். மடத்துக் குருபூசைக்கும் அப்படித்தான். மடத்தின் கொல்லையையும் மசூதின் கொல்லையையும் பிரிக்கிற சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதில் மசூது பக்கம் ஒரு தாழ்ப்பாள். அதை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை.

மாசியில் குருபூசை. கஞ்சிச்சாமிக்குப் பிடித்தது கூட்டாஞ்சோறு. அரிசி, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே அண்டாவில் வேகும். சோறு இறங்கியதும் உமையாள் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. ஒரு தூக்குச்சட்டியில் சோற்றை அள்ளி, மூடி, பின்வாசல் மேடையில் தனியாக வைப்பார். அதற்குப் பிறகுதான் சமாதியின் முன்னால் இலை போட்டுப் படைப்பார். சூடம் காட்டி முடிந்ததும், படைத்த சோற்றை அண்டாவில் திரும்பக் கொட்டிக் கிளறுவார்கள். அண்டா முழுவதும் பிரசாதம் ஆகிவிடும்.

தூக்குச்சட்டி மட்டும் ஆகாது. அது மசூதுக்கு.

படைத்ததைச் சாப்பிடுகிற முஸ்லிம்களும் அந்த ஊரில் இருந்தார்கள். மசூது சாப்பிட மாட்டார். அவருடைய வாப்பாவும் சாப்பிட்டதில்லை. அது அவர்களுடைய மார்க்கக் கட்டுப்பாடு. மடத்தில் யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. மசூது கதவைத் திறந்துகொண்டு வருவார், முருங்கை மரத்தடியில் உட்காருவார், கை கழுவுவார், பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிடுவார், காலிச் சட்டியைக் கழுவ வீட்டுக்கு எடுத்துப்போவார். இது படைத்ததா, படைக்காததா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

நல்லபெருமாள் அண்ணாச்சிக்கு இந்த வழக்கம் உறுத்தியது.

“சாமிக்கு முன்னால மனுசனுக்கு எடுத்து வைக்கலாமா அம்மா?”

“சாமிக்குப் பசிக்காது அண்ணாச்சி.”

“அதுக்கில்ல. எல்லாம் ஒண்ணுன்னு சொல்லுற மடத்துல இவருக்குத் தனிச் சட்டி எதுக்கு?”

“அவரு தனியாத்தான சாப்பிடுதாரு.”

“நாம பிரிச்சு வைக்கப் போய்த்தான அவரு தனியாச் சாப்பிடுதாரு!”

உமையாள் அடுப்பில் விறகைத் தள்ளினார். பதில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டதாக அண்ணாச்சி நினைத்துக்கொண்டார். கேள்வி கேட்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி.

அந்த வருடக் குருபூசைக்குக் கூட்டம் அதிகம். உமையாள் பந்தியில் நின்றார்.

“அண்ணாச்சி, மசூது அண்ணனுக்கு எடுத்து வச்சிட்டுப் படையலுக்கு இலை போடுங்க” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

அண்ணாச்சி தூக்குச்சட்டியைக் கையில் எடுத்தார். அண்டாவைப் பார்த்தார். சட்டியைக் கீழே வைத்தார். இலையைப் போட்டார். படைத்தார். சூடம் காட்டினார். படைத்ததை அண்டாவில் கொட்டிக் கிளறினார். அதற்குப் பிறகுதான் தூக்குச்சட்டி நிறைய அள்ளினார்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். சாமியின் பிரசாதம் அந்த நல்ல மனிதருக்கும் ஒரு தடவையாவது கிடைக்கட்டும் என்று உருகித்தான் செய்தார்.

மசூது வந்தார். மரத்தடியில் உட்கார்ந்தார். கை கழுவி, பிஸ்மில்லா சொல்லி, முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

“இந்த வருசம் கீரை நல்லாச் சேந்திருக்கு அண்ணாச்சி” என்றார்.

“சாப்பிடுங்க பாய், சாப்பிடுங்க” என்றார் அண்ணாச்சி. அவருக்குக் கண் கலங்கியது.

பந்தி முடிந்ததும் அவர் உமையாளிடம் ஓடினார்.

“அம்மா, இன்னைக்கு ஒரு சுவர் இடிஞ்சிட்டு.”

“எந்தச் சுவரு? பின்பக்கமா?”

“அந்தச் சுவரு இல்லம்மா. மசூது பாய் இன்னைக்குச் சாமி பிரசாதம் சாப்பிட்டாரு.”

உமையாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அவரு கேட்டாரா?”

“கேக்கல. நானாத்தான் குடுத்தேன்.”

“சொல்லிக் குடுத்தீங்களா?”

“சொல்லல. சொன்னா சாப்பிட மாட்டாருல்லா? எல்லாம் ஒண்ணுதான அம்மா.”

“ஒண்ணுன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“சட்டியில என்ன இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“ஒருத்தருக்குத் தெரியும், ஒருத்தருக்குத் தெரியாது. ஒண்ணா இருந்தது ரெண்டாயிட்டே அண்ணாச்சி.”

அண்ணாச்சியின் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மசூது வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கழுவித் திரும்பி வந்தது. அவர்கள் வீட்டில் இறைச்சி சமைப்பதால் சமைத்த பண்டம் எதையும் மடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். வெறும் சட்டியாகவும் அனுப்ப மாட்டார்கள். திறந்து பார்த்தால் உள்ளே கருப்பட்டி இருந்தது.

உமையாள் கருப்பட்டியைப் பார்த்தபடி நின்றார். பிறகு சொன்னார்.

“போயிச் சொல்லிருங்க.”

“சொன்னா மனசு உடைஞ்சு போவாரு. இனிமே இந்த வீட்டுச் சோத்தைத் தொடவே மாட்டாரு. அவங்க வாப்பா காலத்துப் பழக்கம் என்னால முறிஞ்சு போகும். சொல்லாம இருந்தா ஒருத்தருக்கும் நஷ்டமில்லையே.”

“உங்களுக்கு நஷ்டமில்லையா?”

அண்ணாச்சி கருப்பட்டிச் சட்டியை மூடினார்.

“நீங்களும் கூட வாங்கம்மா.”

“நான் வந்தா எனக்காக மன்னிச்சிருவாரு. நீங்க தனியாப் போங்க.”

அன்றைக்கு அவர் போகவில்லை. அம்மாவும் மறுபடி கேட்கவில்லை. மறுநாள் காலையில் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டு, “கடையில குடுத்துட்டு வந்திருங்க” என்று மட்டும் சொன்னார்.

அண்ணாச்சி அண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சொல்லலாமா, வேண்டாமா என்று வண்டிச் சக்கரத்தோடு அவர் மனசும் சுற்றியது. அண்டாவைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடலாம் என்ற இடத்தில் கடை வந்துவிட்டது.

கடையில் மசூதின் மச்சினன் உதுமான் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் அவருடைய மகளுக்குக் கல்யாணம். பிரியாணிக்கு ஒரு அண்டா குறைந்தது. கடையில் பாக்கி எல்லாம் வெளியே போயிருந்தன. வண்டியில் வந்த அண்டாவைப் பார்த்ததும் உதுமானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இந்தா வந்துட்டுலா மச்சான்! அல்லா குடுத்த அண்டா.”

“அது பிரியாணிக்குக் கிடையாது மாப்ள” என்றார் மசூது.

“ஏன்?”

“அது மடத்து அண்டா.”

“உங்க கடை அண்டா எப்பிடி மடத்து அண்டாவாச்சு?”

“கடை என்னுது. அண்டா அவங்களுக்குன்னு வச்சது. இதுல கறி ஏறுனதில்ல. வாப்பா வச்சிருந்த பழசு ஓட்டையானதும் நான் புதுசு வாங்கி, இதையும் அப்பிடியே வச்சிருக்கேன். சைவக் கல்யாணம்னா குடுப்பேன். மத்த நாள் உள்ளே பலகை மேல கவுந்து கிடக்கும்.”

அண்ணாச்சி வண்டியின் கைப்பிடியை விடாமல் நின்றார். இந்த விஷயம் அவருக்குத் தெரியாது. மடத்தில் யாருக்குமே தெரியாது. வாடகைப் பாத்திரம், கழுவி வருகிறது, நாமும் ஒரு தடவை கழுவிக்கொள்கிறோம் என்றுதான் அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள்.

உதுமான் விடவில்லை. “ஒரு நாளைக்குத்தான மச்சான். சாம்பல் போட்டுத் தேச்சு, வெந்நி ஊத்திக் கழுவித் தாரேன். புதுசு மாதிரி ஆயிரும்.”

“ஆயிரும்.”

“பிறகென்ன? அந்தம்மா வந்து கேக்கப் போறாங்களா?”

“கேக்க மாட்டாங்க மாப்ள. அதுதான் சங்கடமே. கேக்குற ஆளுன்னா ஒரு பொய்யச் சொல்லித் தப்பிச்சிரலாம். கேக்காத ஆளை என்ன செய்ய?”

“சொந்த மச்சினன் மக கல்யாணத்தை விட மடம் பெருசாப் போச்சு உங்களுக்கு!”

உதுமான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மசூதுக்குக் கோபம் வரவில்லை. சட்டையை எடுத்து மாட்டினார்.

“கோவப்படாத. நானே அம்பைக்குப் போயி ஒரு அண்டா எடுத்துட்டு வந்து பந்தல்ல இறக்குதேன். உன் அக்கா உள்ளதான் இருக்கா, போயி டீ குடி.”

உதுமான் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் போனார். மசூது மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினார்.

எனக்கு மசூதை நினைத்தால் இந்த இடத்தில்தான் நெஞ்சு விம்மும். எத்தனையோ பேர் மேடையேறி ஒற்றுமை பேசிக் கேட்டிருக்கிறேன். பூட்டிய கடைக்குள் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு அண்டாவைக் கவிழ்த்துவைத்த மனிதர் இவர் ஒருத்தர்தான்.

அண்ணாச்சி ஓடிப்போய் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், நில்லுங்க.”

“என்ன அண்ணாச்சி? அண்டாவுல எதும் நெளிசலா? போனாப் போகுது, தட்டி எடுத்துக்கலாம்.”

“அண்டா நல்லா இருக்கு. நேத்து நான் உங்களுக்குக் குடுத்தது…”

“சொல்லுங்க.”

“எடுத்து வச்ச சோறு இல்ல பாய். படைச்சது. நாந்தான் வேணும்னே குடுத்தேன். அப்ப அம்மாவுக்குத் தெரியாது.”

மசூது வண்டியை ஸ்டாண்டில் போட்டார். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். ரோட்டில் ஒரு பஸ் போனது.

“ஏன் அண்ணாச்சி?”

“எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சேன். உங்களையும் எங்கள்ல ஒருத்தராத்தான் நெனச்சேன்.”

“நானும் அப்பிடித்தான் நெனச்சிருந்தேன்.”

அண்ணாச்சிக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“தெரியாம சாப்பிட்டா எங்க மார்க்கத்துல குத்தமில்ல” என்றார் மசூது. “என் மேல பாவம் ஒண்ணும் இல்ல. அதுக்காக நீங்க அழாண்டாம்.”

“உங்களுக்குப் பாவம் இல்லைன்னா, பிறகு ஏன் இப்பிடி உக்காந்துட்டீங்க பாய்?”

மசூது தள்ளுவண்டியில் இருந்த அண்டாவைப் பார்த்தார்.

“எங்க வாப்பா கேக்காமச் சாப்பிட்டாரு. நானும் கேக்காமச் சாப்பிட்டேன். எங்க சொந்தக்காரங்க வீட்டு விருந்துல கூட ஒண்ணு ரெண்டு விசயம் கேட்டுக்கிடுவேன். உங்க மடத்துல கேட்டதில்ல. இனிமே அடுத்த வருசம் சட்டியத் தொறக்க முன்னால கேக்கணும் போலருக்கே அண்ணாச்சி. அதுதான் கஷ்டமா இருக்கு.”

எழுந்தார். வண்டியை உதைத்தார். போகும்போது, “அந்த அண்டாவ உள்ளே பலகை மேல கவுத்து வச்சிருங்க. தரையில வைக்காண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி மடத்துக்குத் திரும்பியபோது உமையாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“சொல்லிட்டேன்ம்மா.”

“ம்.”

“அந்த அண்டாவுல கறி ஏறுனதே இல்லையாம். உங்களுக்குத் தெரியுமா?”

உமையாளின் கை நின்றது.

“தெரியாதே.”

“நீங்க ஒருநாளும் கேட்டதில்லையா?”

“கேக்கத் தோணல அண்ணாச்சி.”

இரண்டு பேரும் கீரை ஆய்ந்தார்கள். பிறகு அண்ணாச்சி சொன்னார்.

“நான் தென்காசிக்கே போயிருதேன். எனக்கு இந்த மடத்துச் சோத்தைத் தொட அருகதை இல்ல.”

“போகலாம். நாளைக்கு விறகு லோடு வருது. யாரு இறக்கி அடுக்க?”

“விறகு அடுக்கிட்டுப் போறேன்.”

“அதுக்கு மறுநாள் அரிசி வருதே.”

அண்ணாச்சி போகவில்லை. விறகு அடுக்கினார், அரிசி புடைத்தார், தேங்காய் துருவினார். கேள்வி கேட்பது மட்டும் நின்றுபோனது. லாரி டிரைவர்களுக்கு அது கொஞ்சம் வருத்தமாகக் கூட இருந்தது.

நோன்பு மாதம் வந்தது. வருடாவருடம் மசூது ஒரு பை கொண்டுவருவார். பள்ளிவாசல் கஞ்சியில் கறி போடுவார்கள் என்பதால் மடத்துக்குக் கஞ்சியாகக் கொடுக்க மாட்டார். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய் என்று கஞ்சிச் சாமான்களைப் பச்சையாகக் கொண்டுவந்து சமையல்கட்டிலேயே இறக்கிவிட்டுப் போவார். மடத்தில் அதை அன்றைக்கே காய்ச்சி, அந்தப் பக்கம் பாங்கு சொல்லி நோன்பு திறக்கிற நேரத்தில் இந்தப் பக்கம் எல்லோரும் உட்கார்ந்து குடிப்பார்கள்.

இந்த வருடமும் பை வந்தது. ஆனால் மசூது கொல்லைக் கதவு வழியாக வரவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, முன்வாசலில் நின்று, கூப்பிட்டுக் கொடுத்தார்.

“உள்ள வாங்க பாய்” என்றார் அண்ணாச்சி.

“இருக்கட்டும் அண்ணாச்சி. இன்னொரு நாள் வாரேன்.”

அன்று சாயங்காலம் பாங்கு சத்தம் கேட்டது. எல்லோரும் கஞ்சியைக் குடித்தார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் இறங்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்த கொல்லைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் மாசி வந்தது. குருபூசைக்கு முந்தின நாள் காலையில் மசூது கடையிலிருந்து தள்ளுவண்டியில் பாத்திரங்கள் வந்தன. அண்ணாச்சி முதலில் தேடியது அந்த அண்டாவைத்தான். இருந்தது. பளபளவென்று தேய்த்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி வந்திருந்தது. அவர் துணியை அவிழ்க்காமல் அண்டாவை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

மறுநாள் கூட்டாஞ்சோறு இறங்கியது. உமையாள் தூக்குச்சட்டியை நீட்டினார்.

“எடுத்து வைங்க அண்ணாச்சி.”

“நீங்க எடுத்து வைங்கம்மா. நீங்களே கொண்டுபோயிக் குடுங்க.”

“நான் குடுத்தா சாப்பிடுவாரு. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

“நான் குடுத்தா கேப்பாரே.”

“கேக்கட்டும். கேட்டா பதில் சொல்லுங்க.”

அண்ணாச்சி சட்டியை வாங்கினார். அண்டாவின் நடுவிலிருந்து நல்ல பதமான இடமாகப் பார்த்து அள்ளினார். மூடி, அதன் மேல் ஒரு வாழையிலைத் துண்டையும் போட்டார். பின்வாசல் மேடையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். உள்ளே இலை போட்டார்கள். படைத்தார்கள். மணி அடித்தது. மடத்துக்கு வந்ததிலிருந்து ஒரு சூடத்தையும் தவறவிட்டவர் இல்லை அவர். அன்றைக்குப் போகவில்லை. சட்டியை விட்டு நகரவே இல்லை.

சொல்ல வேண்டிய பதிலை அவர் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தார். படைக்கும் முன்னால எடுத்தது பாய், சத்தியமா, நானே கூட நின்னு காவல் காத்தேன். இதைச் சொல்லிப் பார்த்தால் சத்தியம் என்ற சொல்லே பொய் மாதிரி இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். அதுவும் சரியாக வரவில்லை.

கொல்லைக் கதவு சாத்தியே இருந்தது. இனி வர மாட்டார், தெருவைச் சுற்றி நாமே கொண்டுபோவோம் என்று அண்ணாச்சி சட்டியைக் கையில் எடுத்தார். அப்போது அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. ஒரு வருடமாக அசையாத தாழ்ப்பாள். கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் விலகியது.

மசூது உள்ளே வந்தார். முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தார். செம்பில் தண்ணீர் எடுத்துக் கை கழுவினார்.

அண்ணாச்சி சட்டியை அவர் முன்னால் வைத்தார். மசூது சட்டியைப் பார்த்தார். அண்ணாச்சியை நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணாச்சி காத்திருந்தார்.

“மூடியத் தொறங்க அண்ணாச்சி” என்றார் மசூது. “ஆறிரும்.”

அண்ணாச்சி திறந்தார். ஆவி வந்தது. மசூது பிஸ்மில்லா சொல்லி முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். மென்றார்.

அண்ணாச்சி தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார்.

“பாய், இது…”

“உப்பு ஒரு கை கம்மி” என்றார் மசூது. “மத்தபடி நல்லா இருக்கு.”

அண்ணாச்சி உள்ளே ஓடி உப்பு கொண்டுவந்தார். மசூது சட்டி காலியாகும் வரைக்கும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, வந்த கதவு வழியாகவே காலிச் சட்டியோடு போனார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கவில்லை.

பந்தியெல்லாம் முடிந்தது. உமையாள் அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வந்து பக்கத்தில் நின்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“அவரு கேக்கவே இல்லையேம்மா. கேக்கணும்னு அன்னைக்கு அவரே சொன்னாரு. பிறகு ஏன் கேக்கல?”

உமையாள் அண்டாவிலிருந்து தலையை எடுத்தார்.

“போன வருசம் அவரு கேக்காமலே நீங்க போயிச் சொன்னீங்கள்லா அண்ணாச்சி. பிறகு அவரு எதுக்குக் கேக்கணும்?”